அணைக்குப் பாலிசி உண்டு, ஆளுக்கு?

இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் சில வருஷங்களாக ஒரு புதிய பல்லவி பாடி வருகிறார்கள். அணை கட்டுகிறவனோ, சுரங்கம் தோண்டுகிறவனோ, அனல் மின் நிலையம் எழுப்புகிறவனோ பாலிசி கேட்டு வந்தால், இனிமேல் மூன்று விஷயங்களைப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்களாம். அந்த வேலையால் நிலமும் நீரும் காற்றும் கெடுமா? அங்கே பாடுபடுகிறவர்களுக்கும் சுற்றிலும் குடியிருக்கிற ஜனங்களுக்கும் கேடு வருமா? நடத்துகிற கம்பெனி யோக்கியமாக நடக்கிறதா, கணக்கை மறைக்கிறதா, லஞ்சம் கொடுக்கிறதா? சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்று இந்த மூன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 2012ல் ரியோ டி ஜெனிரோ நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் இதற்குக் கோட்பாடுகள் வகுத்தார்கள். எந்தத் தொழிலில் என்ன ஆபத்து என்று பட்டியல் போட்டு 2020ல் ஒரு வழிகாட்டியும் வெளியிட்டார்கள். குழந்தைகளை வேலை வாங்குவது, கட்டாய உழைப்பு, ஜனங்களைக் குடிபெயர்ப்பது, காட்டை அழிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

"இது கோட்டுப் போட்ட கனவான்களின் சங்கதி. பஞ்சாலையிலும் வயலிலும் பாடுபடுகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. இன்று எந்தப் பெரிய வேலையும் பாங்குக் கடன் இல்லாமல் எழும்புவதில்லை. இன்ஷ்யூரன்ஸ் இல்லாமல் எந்தப் பாங்கும் கடன் கொடுப்பதில்லை. ஆகவே நம் ஊர் ஆற்றை மறிக்கலாமா, நம் புஞ்சையைத் தோண்டலாமா, நம் பிள்ளைகளை எந்தக் குகைக்குள் இறக்கலாம் என்ற கேள்வியெல்லாம் கடைசியில் ஒரு இன்ஷ்யூரன்ஸ் காரியாலயத்து மேஜை மேலும் வந்து விழுகிறது. அந்த மேஜையின் எதிரில் முதலாளி உட்கார்ந்திருக்கிறான். நமக்கு அங்கே நாற்காலி கிடையாது. நாம் பேசப்போவது அந்த நாற்காலியைப் பற்றித்தான்.

பாய்லரும் கப்பலும்

ஆலைத் தொழிலாளிக்குப் பாய்லரைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் பாய்லர்கள் வெடித்து ஆட்கள் சாவது சர்வ சாதாரணம். 1850களில் மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் ஒரு சங்கம் வைத்து, இன்ஸ்பெக்டர்களை அனுப்பிப் பாய்லர்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அதைத் தொட்டுப் பாய்லர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பிறந்தன. அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரில் 1866ல் இப்படி ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பாய்லர் வெடித்தால் பணம் கொடுக்க வேண்டியவன் அவன். ஆகவே அது வெடிக்காமல் பார்த்துக்கொள்ள அவனே ஆள் அனுப்பினான். முதலாளியின் இரும்பைக் காப்பாற்ற வந்த இன்ஸ்பெக்டரால் பக்கத்தில் நின்ற பயர்மேனின் உயிரும் பிழைத்தது. உத்தேசம் அதுவல்ல, பலன் அது.

அதே இங்கிலாந்தில், அதே காலத்தில், கடலில் வேறு கதை நடந்தது. ஓட்டைக் கப்பலுக்கு அதன் விலைக்கு மேலே இன்ஷ்யூரன்ஸ் எடுத்து, தாங்காத பாரத்தை ஏற்றி அனுப்பினார்கள் கப்பல் முதலாளிகள். கரை சேர்ந்தால் சரக்கில் லாபம், மூழ்கினால் இன்ஷ்யூரன்ஸில் லாபம். மாலுமிகள் அவற்றுக்குச் சவப்பெட்டிக் கப்பல் என்றே பெயர் வைத்தார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்ட் மெம்பர் 1873ல் இதைப் புத்தகமாக எழுதி நாடெங்கும் கிளர்ச்சி செய்தார். 1876ல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் பாரக் கோடு போட வேண்டும் என்றது சட்டம்; அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை மட்டும் முதலாளியின் இஷ்டத்துக்கு விட்டது! அதைச் சரிசெய்ய 1890 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாய்லரில் உயிரைக் காத்த அதே இன்ஷ்யூரன்ஸ், கப்பலில் உயிரைக் குடித்தது. வித்தியாசம் எங்கே? பாய்லரை ஒருவன் நேரில் போய்த் தட்டிப் பார்த்தான். கப்பலை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த மாலுமியின் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை. இந்தச் சுற்றுச்சூழல், சமூக, நிர்வாகச் சோதனையை இதே உரைகல்லில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

பாலிசிக்குள் யார்?

கட்டுமான வேலைக்கு எடுக்கும் பாலிசியைப் பிரித்துப் பார்ப்போம். முதல் பகுதி வேலையைக் காக்கிறது. எழுப்பிய சுவர், குவித்த சிமெண்டு, நிறுத்திய யந்திரம் ஆகியவை வெள்ளத்தில் போனாலும் நெருப்பில் போனாலும் பணம் வரும். இரண்டாவது பகுதி மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்கானது. சாலையில் போகிறவன் தலையில் சாரம் விழுந்தால் அவன் கேட்கும் நஷ்ட ஈட்டைக் கம்பெனி கொடுக்கும். பெரிய வேலைகளில் இன்னொரு பகுதியும் சேர்ப்பார்கள். விபத்தினால் வேலை முடிவது தாமதமானால், அந்த மாதங்களில் முதலாளிக்கு வந்திருக்கக்கூடிய லாபத்தை அது ஈடு செய்கிறது.

சாரத்தின் மேல் நின்ற கொத்தன் எங்கே? மூன்றாம் நபர் பகுதியில் அவனைத் தேடாதீர்கள். காண்டிராக்டரின் தொழிலாளிக்கு நேரும் சாவும் காயமும் இதில் சேராது என்று வாடிக்கையான பாலிசி வாசகம் வெளிப்படையாகவே சொல்கிறது. அவனுக்கு வேறு பாலிசி எடுக்க வேண்டும். அதைப் பெரிய கம்பெனி காண்டிராக்டர் தலையில் கட்டும். காண்டிராக்டர் சப் காண்டிராக்டர் தலையில் கட்டுவான். அவனோ, மஸ்டர் ரோலில் பேர் இருக்கிறவனுக்குத்தான் கட்டியதாகச் சொல்வான். ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மேஸ்திரி கூட்டி வந்தவன் பேர் எந்த ரோலில் இருக்கும்? வராத லாபத்துக்குப் பாலிசி இருக்கிறது. வந்து நிற்கிற ஆளுக்கு இல்லை. சமூக ஆபத்தைச் சோதிக்கிறோம் என்கிற கனவான்கள் முதலில் இந்த ஒரு இடத்தைச் சோதித்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

புருமாடின்யோ

பிரேசில் நாட்டில் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் புருமாடின்யோ என்று ஒரு ஊர். அங்கே வாலே என்ற கம்பெனியின் இரும்புச் சுரங்கம். இந்தக் கம்பெனி 1942ல் பிரேசில் சர்க்கார் ஆரம்பித்தது. 1997ல் தனியாருக்கு விற்கப்பட்டது. தாதுவைக் கழுவிய சேற்றைத் தேக்கி வைக்க 1970களில் ஒரு அணை கட்டத் தொடங்கினார்கள். அதைக் கட்டிய விதத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் ஒரு கரை. சேறு நிறைந்ததும், அந்தச் சேற்றின் மேலேயே அடுத்த கரை. அது நிறைந்ததும் அதன் மேலே இன்னொன்று. இப்படியே 86 மீட்டர் உயரம் போனார்கள். மலிவான முறை என்பதுதான் இதன் ஒரே சிறப்பு. வரப்பு வைக்கத் தெரிந்த எந்த விவசாயத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வான், ஈரச் சேற்றின் மேல் ஏற்றிய கரை எத்தனை நாள் நிற்கும் என்று.

இந்த அணை ஸ்திரமாக இருக்கிறது என்று 2018ல் சர்ட்டிபிகேட் கொடுத்தது, ஜெர்மனியைச் சேர்ந்த டூஃப் சூட் என்ற சோதனைக் கம்பெனியின் பிரேசில் கிளை. அதற்கு முன் வந்த ஒரு கம்பெனி கையெழுத்துப் போட மறுத்தது. அந்த இடத்துக்குத்தான் இவர்கள் வந்தார்கள். சேறு நீராகி ஓடுகிற ஆபத்துக்கு எதிரான பத்திரக் கணக்கு 1.3 இருக்க வேண்டும் என்பது நிபுணர்களிடையே பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. இங்கே கணக்குப் போட்டபோது வந்தது 1.09. ஆனாலும் கையெழுத்து விழுந்தது. சோதனைக்குக் கூலி கொடுத்தது யார்? வாலே கம்பெனி. அதே சோதனைக் கம்பெனிக்கு வேறு ஆலோசனை வேலைகளைக் கொடுத்ததும் வாலே கம்பெனிதான்.

2019 ஜனவரி 25ந் தேதி, பகல் 12 மணி 28 நிமிஷம். சாப்பாட்டு வேளை. தொழிலாளர் சாப்பிடும் கேண்டீனையும் கம்பெனிக் காரியாலயத்தையும் அணைக்கு நேர் கீழே கட்டியிருந்தார்கள். அணை இடிந்தது. அபாயச் சங்கு ஊதவில்லை. சேறு கேண்டீனை மூடிக்கொண்டு ஓடியது. 270 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். வாலேயின் நேரடித் தொழிலாளிகளும் காண்டிராக்ட் தொழிலாளிகளும் ஏறக்குறையச் சரிபாதி. இறந்த பெண்களில் இருவர் கர்ப்பிணிகள். அந்த இரண்டு சிசுக்களையும் சேர்த்து 272 என்றே அந்த ஊர் ஜனங்கள் எண்ணுகிறார்கள்.

இது எதிர்பாராத விபத்தா? 2015 நவம்பர் 5ந் தேதி அதே மாநிலத்தில் மரியானா என்ற இடத்தில் இதே மாதிரி ஒரு சேற்று அணை உடைந்து 19 பேர் இறந்திருந்தார்கள். தோசே நதி கடல் வரைக்கும் சிவந்து போயிருந்தது. அந்தச் சுரங்கத்தின் சொந்தக்காரர்களில் பாதி, இதே வாலே கம்பெனி. மூன்று வருஷம் ஆனபிறகும் கேண்டீனை இடம் மாற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்கிற மூன்று ஆபத்தும் தனித்தனிப் பெட்டியில் இருப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மலிவுச் சேற்றுக்கரை ஒன்று. அதன் கீழே கேண்டீன் ஒன்று. விலைக்கு வாங்கிய கையெழுத்து ஒன்று. மூன்றும் சேர்ந்தே கொன்றன.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். 2020 ஜனவரியில் வாலேயையும் சோதனைக் கம்பெனியையும் சேர்ந்த 16 பேர் மீது கொலைக் குற்றம் சாட்டினார்கள் பிரேசில் சர்க்கார் வக்கீல்கள். 2021ல் சுமார் 3,770 கோடி ரெயால் கொடுப்பதாக மாநில சர்க்காருடன் வாலே ஒப்பந்தம் செய்துகொண்டது. அணையின் பத்திரத்தைப் பற்றிப் பங்குதாரர்களிடம் மறைத்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கமிஷன் போட்ட வழக்கில் 2023ல் 5.59 கோடி டாலர் கட்டியது. பங்குதாரர்களிடம் மறைத்தது குற்றமாம்! கேண்டீனில் உட்கார்ந்திருந்தவர்களிடம் மறைத்ததைப் பற்றி அந்தக் கமிஷனுக்கு அதிகாரம் இல்லை.

2017ல் பிரேசிலில் திருத்திய தொழிலாளர் சட்டம், மன வேதனைக்கான நஷ்ட ஈட்டை இறந்தவனின் சம்பளத்தின் 50 மடங்குக்குள் அடக்கி வைத்திருந்தது. ஒரே கேண்டீனில் ஒரே சேற்றில் இறந்தாலும் என்ஜினீயரின் சாவுக்கு ஒரு விலை, பாத்திரம் கழுவுகிறவளின் சாவுக்கு வேறு விலை. அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர் யூனியன் கோர்ட்டுக்குப் போனது. இறந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10 லட்சம் ரெயால் கொடுக்க வேண்டும் என்று 2021ல் தொழிலாளர் கோர்ட் தீர்ப்பளித்தது. 131 தொழிலாளிகளுக்காகத் தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பை எந்த இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியும் வாங்கித் தரவில்லை, யூனியன் வாங்கியது.

நல்லெண்ணம் எத்தனை நாள்?

இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் மனம் வைத்தால் ஒரு வேலையைச் சுருக்க முடியும் என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாவில் கார்மைக்கேல் என்ற இடத்தில் அதானி கம்பெனி வருஷத்துக்கு 6 கோடி டன் நிலக்கரி தோண்டத் திட்டமிட்டது. பூர்வ குடிகளில் ஒரு பகுதியினரும் பொதுஜனங்களும் எதிர்த்துக் கிளம்பினார்கள். பாங்குகள் பின்வாங்கின. ஒன்றன்பின் ஒன்றாகப் பல இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் நாங்கள் பாலிசி கொடுக்கமாட்டோம் என்றன. 2018ல் திட்டத்தை வருஷத்துக்கு 1 கோடி டன் அளவில் ஆரம்பிப்பது என்று சுருக்கி, சொந்தப் பணத்தில் தோண்டினார்கள். 2021 டிசம்பரில் முதல் கப்பல் நிலக்கரி தயாரானது. ஆக, சுருங்கியது, நிற்கவில்லை.

ஆனால் இவர்களுடைய வாக்குறுதியின் ஆயுள் எவ்வளவு என்பதையும் பார்த்துவிட்டோம். உலகத்தின் பெரிய இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் 2021ல் ஒரு கூட்டணி அமைத்து, புகையைக் குறைக்கப் போவதாகப் பறை சாற்றின. 2023 மே மாதம் அமெரிக்காவில் 23 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் ஒரு கடிதம் எழுதினார்கள்: நீங்கள் கூடிப் பேசுவது போட்டிச் சட்டத்துக்கு விரோதமாக இருக்கலாம் என்று. அவ்வளவுதான். துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஓடின. 2024 ஏப்ரலில் கூட்டணியையே கலைத்துவிட்டார்கள். ஒரு கடிதத்துக்குப் பயந்து ஓடுகிறவன், ஓட்டைக் கப்பலைத் தடுப்பான் என்று நாம் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டில் இந்தப் பாடத்தைப் போபால் கற்றுத் தந்திருக்க வேண்டும். 1984 டிசம்பர் 2ந் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷ வாயு கிளம்பி ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் 1991ல் பொதுப் பொறுப்பு இன்ஷ்யூரன்ஸ் சட்டம் வந்தது. அபாயகரமான பொருள்களைக் கையாளுகிறவன் பாலிசி எடுத்தே தீரவேண்டும், குற்றம் யாருடையது என்று நிரூபிக்காமலே பாதிக்கப்பட்டவருக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். நல்ல ஏற்பாடு. ஆனால் அன்று ஒரு உயிருக்கு அது வைத்த விலை 25,000 ரூபாய்!

இமயமலையைப் பாருங்கள். உத்தரகாண்டில் 2021 பிப்ரவரி 7ந் தேதி மலைச் சிகரத்திலிருந்து பாறையும் பனியும் சரிந்து ரிஷிகங்கா, தபோவன் மின் திட்டங்களை அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் 200 பேருக்கு மேல். பெரும்பாலோர் அந்தத் திட்டங்களில் வேலை செய்த தொழிலாளிகள். வெள்ளம் வருகிறது என்று எச்சரிக்கும் ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை. மலையில் வெடிவைக்காதே, ஆற்றில் இடிபாட்டைக் கொட்டாதே என்று ரைனி கிராமத்து ஜனங்கள் 2019லேயே முறையிட்டிருந்தார்கள். 1974ல் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காட்டைக் காத்த கிராமம் அது. வெள்ளத்துக்குப் பிறகு, அந்தத் திட்டங்களுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்படி ஐந்து பேர் ஹைகோர்ட்டில் மனுச் செய்தார்கள். 2021 ஜூலையில் மனுவைத் தள்ளி, தலைக்கு 10,000 ரூபாய் கட்டும்படி உத்தரவிட்டது கோர்ட்.

அதே மாநிலத்தில் சில்க்யாரா குகைப்பாதை 2023 நவம்பர் 12ந் தேதி, தீபாவளி நாளில் இடிந்து 41 தொழிலாளிகள் உள்ளே சிக்கினார்கள். தப்பிச் செல்லும் வழி ஒன்று திட்டத்திலே இருந்தது, மலையிலே இல்லை. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை என்றால் சுற்றுச்சூழல் பரிசீலனை தேவை. ஆகவே சுமார் 900 கிலோமீட்டர் சாலையை 53 துண்டுகளாக வெட்டிக் கணக்குக் காட்டினார்கள். சீமை யந்திரம் உள்ளே உடைந்து போன பிறகு, கையால் எலிவளை தோண்டும் சுரங்கத் தொழிலாளிகள் 12 பேர் வந்து கடைசி மீட்டர்களைக் குடைந்தார்கள். 17ம் நாள் 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

ஒரு இன்ஷ்யூரன்ஸ் என்ஜினீயர் தீபாவளிக்கு முன்னால் அந்தக் குகை வாசலில் நின்று, "தப்பும் வழி எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும் வரை பாலிசியில்லை என்று சொல்லியிருந்தால்? அது முடியாத காரியமல்ல. மான்செஸ்டரில் பாய்லரைத் தட்டிப் பார்த்தவன் செய்தது அதுதான்.

நம் கோரிக்கை

ஆகவே இந்தச் சோதனையை மோசடி என்று ஒதுக்கவும் வேண்டாம், தர்மம் என்று கும்பிடவும் வேண்டாம். அதைச் செய்யும் முறையை மாற்ற வேண்டும் என்கிறோம். சோதிக்கிற என்ஜினீயருக்குத் திட்ட முதலாளி கூலி கொடுக்கக்கூடாது. அவர் அறிக்கையை யூனியன் காரியாலயத்திலும் பஞ்சாயத்துப் பலகையிலும் உள்ளூர் பாஷையில் ஒட்ட வேண்டும். பாலிசி எழுதும் முன் கிராம சபையையும் வேலையாட்களையும், மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது, விசாரிக்க வேண்டும். மஸ்டர் ரோலில் பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலையிடத்தில் கால் வைத்த ஒவ்வொரு ஆளும் பிரதான பாலிசியிலேயே சேர வேண்டும். பிரீமியத்தைப் பெரிய கம்பெனி கட்ட வேண்டும். பிரீமியம் கூடும் என்பார்கள். கூடட்டும். ஆபத்தான வேலைக்குச் செலவு அதிகம் என்பதை முதலாளியின் கணக்குப் புத்தகம் தெரிந்துகொள்ள வேண்டாமா? இதுநாள் வரை அந்தச் செலவைத் தொழிலாளி வீட்டு விதவைதான் கட்டி வந்திருக்கிறாள்.

இங்கே நமக்கு ஒரு பிடி இருக்கிறது. 1973 ஜனவரி 1ந் தேதி முதல் நம் நாட்டுப் பொது இன்ஷ்யூரன்ஸ் தேசிய உடைமை ஆனது. 55 இந்தியக் கம்பெனிகளும் 52 அந்நியக் கம்பெனிகளும் சேர்ந்து நான்கு ஆயின. அந்த நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமைக் காரியாலயம் சென்னையில்தான் இருக்கிறது. 2000க்குப் பிறகு தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். அந்நிய மூலதனத்தின் வரம்பை 26 சதவீதத்திலிருந்து 2015ல் 49 ஆக்கி, 2021ல் 74 ஆக்கினார்கள். நான்கு கம்பெனிகளிலும் சர்க்காருக்கு 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற விதியையும் அதே 2021ல் எடுத்துவிட்டார்கள். பொதுத்துறைக் கம்பெனியை விற்றால் விற்ற பணம் மட்டும்தான் போகும் என்று நினைக்கக் கூடாது. கேள்வி கேட்கும் உரிமையும் கூடவே போய்விடும்.

ஏனென்றால் பொதுத்துறை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். தனியார் கம்பெனியிடம் அந்தச் சட்டத்தை நேராகக் காட்ட முடியாது. வியாபார ரகசியம் என்று பொதுத்துறை அதிகாரியும் முதலில் மறுக்கலாம். பொது நன்மை பெரிது என்று கண்டால் கொடுத்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 8ம் பிரிவே சொல்கிறது, மேல் முறையீட்டுக்கும் வழி உண்டு. பக்கத்தில் குகை தோண்டுகிறார்களா, சாம்பல் குளம் வெட்டுகிறார்களா, அணையை உயர்த்துகிறார்களா? பாலிசி கொடுத்தது எந்தக் கம்பெனி, சோதித்த என்ஜினீயர் எந்தத் தேதியில் வந்தார், தொழிலாளிகளுக்கு எத்தனை தலைக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறது என்று யூனியன் கிளைச் செயலாளர் தம் பெயரில் எழுதிக் கேட்கலாம். மத்திய சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தரவேண்டும்.